கண்ணுக் கிணற்றுக்குப் போகிற வழி

பெல்ட்டைப் போட்டுக்கிட்டீயளா தம்பி? இழுத்து மாட்டுங்க, அது கொஞ்சம் மக்கர் பண்ணும். ஆங், அவ்வளவுதான்.

ஸ்டேஷன் வாசல்ல மூணு டாக்ஸி நின்னுது. நீங்க போன்ல பேசிக்கிட்டே வந்தீய. 'மழையா இருக்கும்மா'ன்னு ஒரு வார்த்தை என் காதுல விழுந்துட்டு. ஓடி வந்து பெட்டியப் பிடுங்கிட்டேன். இந்த ஊர்ல ஒரு தமிழாள் வந்து இறங்கி, கோமதிநாயகம் வண்டியில ஏறாம வேற வண்டியில போனா எனக்குல்லா மரியாதக் கேடு? நமக்குச் சங்கரன்கோவில். நீங்க மதுரைப் பக்கம், பேச்சுலயே தெரியுது. டாக்டரா? சந்தோஷம். எங்க வீட்டம்மா உலகம்மையும் நர்ஸுதான், நீங்க சேரப் போற அதே ஆஸ்பத்திரி. இப்ப லீவுல இருக்கா. டப்ளின்ல மக வீட்டுக்குப் போயிருக்கா.

கண்ணாடியில புகை மூடுது பாருங்க. முன்னால ஒரு துணி கெடக்கும், எடுத்து உள்பக்கமாத் தொடைங்க. என் பக்கமும் சேத்து. இன்னும் நல்லாத் தொடைங்க. பருத்தி தம்பி, ஈரத்தை அப்படியே குடிச்சிரும். இந்த ஊர்ல கெடைக்குததெல்லாம் நைலான், தேய்க்கத் தேய்க்க இன்னும் மங்கும். எனக்குக் கண்ணுல நீர் வடிஞ்சாலும் இதுலதான் தொடைப்பேன். இந்த ஒரு துணி என் கைக்கு வந்தது ஒரு பெரிய கதை.

பயப்படாதீங்க, அது செடி. ரோடு ஒடுக்கம், ரெண்டு பக்கமும் கல்லுச் சுவரு. இடது பக்கம் லேசா உரசத்தான் செய்யும். அந்தப் பக்கத்துக் கண்ணாடி போன மாசமே உடைஞ்சுட்டு, டேப்பு போட்டு ஒட்டியிருக்கேன்.

கலகலன்னு சத்தமா? அது மூக்குக்கண்ணாடி. டிக்கியில ஒரு பை நிறைய மூக்குக்கண்ணாடி கெடக்கு, வளைவுல திரும்பினா உருளும். அதுவும் இந்தத் துணிக் கதையில சேந்ததுதான். சொல்லுதேன், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே.

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். நான் ஒரு தப்பும் பண்ணல. இந்த ஊரு பூரா என்னைக் கண்டா பேச்சை நிறுத்துது. நம்ம ஆளுக ஏழு பேரு, ஒருத்தன் போன் எடுக்கல. பொண்டாட்டி பெட்டியக் கட்டிட்டா. இவ்வளவும் எதுக்குங்கீய? ஒரு சாமி இடத்தைச் சுத்தம் பண்ணினேன். அதுக்கு.

சின்ன வயசுல இருந்தே எனக்கு உழவாரப்பணின்னா உசுரு. எங்க ஊரு கோயில்ல எட்டுப் பேரு சேருவோம். மதில்ல முளைச்ச செடியப் பிடுங்குவோம், விளக்கு மாடத்துல எண்ணெய்ப் பிசுக்கச் சுரண்டுவோம், மரத்துல சனங்க கட்டியிருக்க தொட்டிலையும் மஞ்சக் கயித்தையும் மாசம் ஒருக்கா அறுத்துக் குமிச்சு எரிப்போம். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. கட்டினவன் கட்டிட்டுப் போயாச்சு, சாமி கேட்டாச்சு, அப்புறம் கயித்துக்கு அங்கன என்ன சோலி? வேலை முடிஞ்சு எட்டுப் பேரும் தெப்பத்துல குளிச்சா வேட்டியெல்லாம் கலந்துரும். சலவைக்காரர் மாடசாமி ஓரத்துல போட்டிருக்க குறியப் பாத்துத்தான் அவனவன் வேட்டிய எடுப்போம். எங்க வீட்டுக் குறி மூணு புள்ளி, கீழ ஒரு கோடு. சேங்கொட்டை மை தம்பி. துணி நைஞ்சாலும் அது போகாது. எங்க மாமியாரு எடுத்துக் குடுத்த மறுவீட்டு வேட்டியில மொதச் சலவையிலயே அந்தக் குறியப் போட்டுட்டாரு. புது வேட்டி போச்சேன்னு உலகம்மை ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலைஞ்சா. அந்த வேட்டிய இங்கயும் கொண்டு வந்திருக்கேன். இந்தப் பொங்கலுக்கு எடுத்து உடுத்தினா ஓரத்துல ஒரு சாண் துணியக் காணும். 'தேய்க்கும்போது கருகிட்டு, கிழிச்சுட்டேன்'ங்கா. நல்ல ஏச்சு ஏசினேன்.

அதை விடுங்க. கிணத்துக்கு வாரேன்.

இந்த நாட்டுல மூலைக்கு மூலை சாமிக் கிணறு உண்டு பாத்துக்கிடுங்க. பல்லு வலிக்கு ஒண்ணு, முதுகு வலிக்கு ஒண்ணு, பிள்ளை இல்லாதவங்களுக்கு ஒண்ணு. இந்தப் பக்கத்துல இருக்கது கண்ணுக்கு. அவங்க பழைய பாஷையில 'தோபர் நா சூல்'ம்பாவ. கண்ணுக் கிணறு. ஒரு பொம்பளத் துறவி அந்தத் தண்ணியில குருட்டுப் பிள்ளைக்குப் பார்வை குடுத்தாளாம். மூணு படி இறங்கினா இத்தனூண்டு ஊத்து. பக்கத்துல கூனின ஒரு முள்ளுமரம். கூழாங்கல்லைக் கையில வச்சுக்கிட்டு, வலம் சுத்தி, ஒரு சுத்துக்கு ஒரு கல்லாப் போட்டு, கண்ணைக் கழுவிட்டு, உடுத்தின துணியில ஒரு கிழிசல மரத்துல கட்டிட்டுப் போவாங்க. பழைய மூக்குக்கண்ணாடியையும் தொங்க விடுவாங்க. மரம் பூரா கண்ணாடி, பாசி பிடிச்சு, காத்துல ஆடிக்கிட்டு. மொத நாள் பாத்தப்போ, நீங்க நம்பினாலும் சரி நம்பாட்டியும் சரி, மரம் என்னைத் திரும்பிப் பாத்த மாதிரி இருந்துட்டு.

எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. அதையும் சொல்லிருதேன், நீங்க ஆஸ்பத்திரியில போயி வேற மாதிரிக் கேள்விப்படக் கூடாதுல்லா. போன வருஷம் இவ நச்சரிக்காளேன்னு காட்டினேன். கண்ணுக்குள்ள அழுத்தம்னான் டாக்டரு. இருட்டு ஓரத்துல இருந்து உள்ள வருமாம், வாரது நமக்கே தெரியாதாம். எனக்கே தெரியாதது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? இடது கண்ணுல போனது போனதுதான், வலதைக் காப்பாத்தணும்னு சொட்டு மருந்து குடுத்தான். ஊத்தினா எரிச்சல் உசுரு போவுது. நாலு நாள் ஊத்திட்டு விட்டுட்டேன். அவளுக்குத் தெரியாது. குப்பி குறையணும்லா? தினமும் ரெண்டு சொட்ட வாஷ்பேசின்ல விட்டுருவேன். நீங்க சிரிப்பீயன்னு பாத்தேன், சிரிக்கலையே.

ஊர்ல இருந்தா இருக்கன்குடி மாரியம்மன் தீர்த்தத்தைக் கண்ணுல விட்டு, வெள்ளியில கண்மலர் வாங்கிப் போட்டிருப்போமேன்னு அவ பாட்டுக்குப் புலம்பினா. 'இங்க எங்கடி ஆத்தா இருக்கா?'ன்னேன். அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமையானா டூட்டி முடிஞ்சு ரெண்டு மணி நேரம் பிந்தித்தான் வீட்டுக்கு வருவா. பஸ் லேட்டும்பா. செருப்பு பூரா சேறா இருக்கும். ஆஸ்பத்திரியில ஏதுடி சேறுன்னு கேக்க நினைப்பேன். கேட்டதில்ல. என் வண்டியில ஏறுததையும் பிப்ரவரியில நிறுத்திட்டா. ரவுண்டானாவுல ஒரு சின்ன விஷயம், எதிர்ல லாரி வந்துட்டு, ஒண்ணும் ஆகல. அன்னையில இருந்து எங்க போனாலும் பஸ்ஸுதான்.

அது பச்சையா சிவப்பா? நீங்க சொல்லுங்க. புதுசா வந்திருக்கீய, இந்த ஊரு சிக்னல் எல்லாம் பழகிக்கிடணும்லா. பச்சையா? சரி, போவோம்.

ஏப்ரல் மாசம் நடந்தது இது. நம்ம தமிழ்ச் சங்கத்துல வருஷப் பிறப்புக்கு என்ன பண்ணலாம்னு பேச்சு வந்துது. பாட்டு, டான்ஸு, பிரியாணின்னாங்க. நான் எந்திரிச்சேன். 'இந்த மண்ணுல பொழைக்கோம், இந்த மண்ணு சாமிக்கு ஒரு கைங்கரியம் பண்ண வேண்டாமா? அந்தக் கிணத்தடி குப்பையாக் கெடக்கு, உழவாரம் பண்ணுவோம்'னேன். எல்லாரும் கை தட்டினாங்க. இப்ப ஒருத்தன் ஒத்துக்கிட மாட்டான். அன்னைக்குத் தட்டினாங்க.

சனிக்கிழமை காலையில எட்டுப் பேரு போனோம். கையுறை, கத்திரி, கறுப்புப் பை. ரெண்டு மணி நேரந்தான் தம்பி. துணி, சாக்ஸு, குழந்தைக் கழுத்துத் துணி, செருப்பு நாடா, ஜெபமாலை, மூக்குக்கண்ணாடி. ஒரு துணி விடல. மரம் பளிச்சுன்னு நின்னுது. படியெல்லாம் தேச்சுக் கழுவி, கூழாங்கல்லை ஓரமா அடுக்கி, ஒரு சூடம் காட்டினோம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. இருபது வருஷமா இந்த நாட்டுல சாமிக்குன்னு ஒரு துரும்பக் கிள்ளிப் போடல நானு. அன்னைக்குத்தான் மனசு நிறைஞ்சு நின்னேன்.

அப்பந்தான் மார்ட்டின் வந்தான். அந்த வயக்காட்டுக்குச் சொந்தக்காரன், என் வயசுதான் இருக்கும். நாயும் கூட வந்துது. நாய் வேலிக்கு அந்தப் பக்கமே நின்னுட்டு. இவன் மரத்தைப் பாத்தான். பையப் பாத்தான்.

'எல்லாத்தையும் எறக்கிட்டியா?'

'ஒண்ணு விடல'ன்னேன். 'இப்பத்தான் சாமி இருக்க இடமா இருக்கு.'

அவன் சத்தம் போடுவான்னு நினைச்சேன். சத்தம் போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அவன் தொப்பியக் கழட்டிட்டான், செத்த வீட்டு வாசல்ல நிக்கது மாதிரி.

'அதுல நோவு இருக்கு'ன்னான். 'துணி மக்க மக்கத்தான் கட்டினவன் நோவு கரையும். மக்குததுக்கு முந்தி எடுத்தா அது எடுத்தவன் கூடப் போவும். யாருது எதுன்னு உனக்குத் தெரியுமா?'

நான் சிரிச்சேன். 'எங்க ஊர்ல மாசம் ஒருக்கா எரிச்சிருவோம்'னேன்.

'இது உங்க ஊரு இல்ல. உன் வீட்டம்மா துணியும் இதுல இருந்துது. வெள்ளிக்கிழமை தோறும் வந்து சுத்துவாங்க. அதையாவது விட்டிருக்கலாம்.'

இவங்களுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒண்ணுதானே தம்பி? எந்த மலையாள நர்ஸைப் பாத்தானோ. உலகம்மையாவது, இங்க வாரதாவது. என்கிட்டச் சொல்லாம அவ கடைக்குக்கூடப் போவ மாட்டா. நான் அதைக் காதுலயே போட்டுக்கிடல.

திரும்பிப் பாக்கேன், நம்ம ஆளுக ஏழு பேரும் கையுறையக் கழட்டி என் கால்மாட்டுல போட்டுட்டு நிக்காங்க. ஞானதிரவியம்னு ஒருத்தன், எனக்குத் தம்பி மாதிரி. 'அண்ணாச்சி, பையெல்லாம் உங்க வண்டியிலயே போட்டுக்கிடுங்க'ங்கான். 'உன் வண்டிதானே பெருசு?'னேன். 'அதான் அண்ணாச்சி, பிள்ளைக ஏறுத வண்டி'ங்கான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன்வரிசையில உக்காருத பய தம்பி அவன்! பதினோரு பையையும் நான் ஒருத்தனாத் தூக்கினேன். வண்டியில ஏறினா கண்ணாடி ஒரே மங்கல். மேல இருந்த பைக்குள்ள கைய விட்டுத் துழாவினேன், இந்தத் துணி அம்புட்டுது. அத்தனை கந்தல்லயும் இது ஒண்ணுதான் கைக்கு இதமா இருந்துட்டு. நம்ம ஊருத் துணி மாதிரி இருக்கேன்னுகூட நினைச்சேன்.

இவ்வளவுதான் நடந்தது. இதுல என் தப்பு எங்க இருக்கு?

பிறகு ஒவ்வொருத்தனாச் சொல்ல ஆரம்பிச்சான். ஞானதிரவியத்துக்கு மறுவாரம் முட்டி வீங்கிட்டு. இந்தக் குளிருக்கு முட்டி வீங்காம என்ன செய்யும்? இன்னொருத்தன் மகனுக்குக் கண்ணுல கட்டி. பிள்ளைகளுக்கு வாரதுதானே? மே மாசத்துல இந்த ஊர்ல ரெண்டு சாவு, ரெண்டும் வயசான கட்டை. இருந்தாலும் நான் பால் வாங்கப் போனா கடையில பேச்சு நின்னுரும். வண்டியில ஏறுதவங்க முன் சீட்டுல உக்கார மாட்டாங்க. ஆகஸ்ட்ல அந்தக் கிணத்துத் திருநாளுக்குப் பாதிரியாரு வந்து பூசை வச்சாரு. நானும் போயி நின்னேன். அத்தனை பேரு சுத்தினாங்க, ஒருத்தரும் ஒரு துணி கட்டல. மரத்தை அப்படியே அம்மணமா விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கே கூச்சமா இருந்துட்டு.

வீட்டுக்குள்ள நடந்ததுதான் பெருசு. அந்தச் சனிக்கிழமை குப்பைக் கிடங்கு அடைச்சுட்டான்னு பையக் கொண்டு கராஜ்ல போட்டேன். உலகம்மை டூட்டி முடிஞ்சு வந்தா. 'என்ன பை?'ன்னா. பெருமையாத்தான் சொன்னேன், கிணத்தடிய உழவாரம் பண்ணிட்டோம்னு. அப்படியே தரையில உக்காந்துட்டா தம்பி. தலைவலியோன்னு நினைச்சு காப்பி போடப் போனேன்.

மறுநாள் காலையில பாத்தா, கராஜ்ல பாயை விரிச்சு, பையப் பிரிச்சு, ஒவ்வொரு துணியா எடுத்து விரிச்சுப் பாக்கா. விரிக்கா, தடவுதா, மடிச்சு வைக்கா. 'என்னத்தத் தேடுதே?'ன்னேன். 'ஒண்ணுமில்ல'ங்கா. 'கண்டவன் கந்தலக் கையில தொடுதியே, நர்ஸுதானே நீ?'ன்னு ஏசினேன். தலை நிமிரல. மூணு நாளு. லீவு போட்டுட்டு மூணு நாளு, பதினோரு பை. கடைசித் துணிய மடிச்சு வச்சுட்டு 'இல்லங்க, காணல'ன்னா. 'எது?'ன்னேன். 'ஒண்ணுமில்லங்க.' எந்திரிச்சுப் போயி மூஞ்சியக் கழுவிட்டு டூட்டிக்குப் போயிட்டா. புத்தி கலங்கிக் கோட்டி பிடிச்சுட்டோன்னு எனக்குப் பயம் வந்துட்டு.

ஜூன்ல ஒரு சம்பவம். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு சைக்கிள்ல இடது பக்கத்துல இருந்து வந்துட்டு. எங்க இருந்து வந்துன்னே தெரியல, மண்ணுக்குள்ள இருந்து முளைச்ச மாதிரி. முழங்கையில சிராய்ப்புத்தான். தன் மேலதான் தப்புன்னு அந்தப் பிள்ளையே சொல்லிட்டு. என் கிரகம், அன்னைக்கு எமர்ஜென்சியில டூட்டி உலகம்மைக்கு. அவதான் கட்டுப் போட்டிருக்கா. எந்த வண்டிம்மான்னு கேட்டிருக்கா.

வந்தா. அழல, ஏசல. கராஜ்ல இருந்த பையெல்லாத்தையும் தூக்கி என் டிக்கியில திணிச்சா. 'எடுத்த இடத்துல ஒண்ணு விடாமக் கட்டுங்க. அப்புறம் இந்த வண்டிச் சாவியை மேசையில வச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. ரெண்டும் நடந்தா வாரேன். நடக்காட்டி என்னைத் தேடாதீங்க'ன்னா. முப்பது வருஷத்துல அவ அப்படிப் பேசிக் கேட்டதில்ல நானு.

நாலு மாசமாச்சு. நான் என்ன கட்டத் தெரியாதவனா? போயி நின்னேன், நாலு தரம் போயி நின்னேன். அந்த மரத்துக் கிளை மெலிசு, சாயங்காலத்துல சரியாப் பிடிபடல, முள்ளு கையக் கிழிச்சுட்டு. ஞானதிரவியத்தைக் கூப்பிட்டேன். 'உங்க கால்ல வேணா விழுதேன் அண்ணாச்சி, அந்தப் பையத் தொட மாட்டேன்'னுட்டான். எல்லாவனும் அப்படித்தான். சாவியையும் எதுக்கு வைக்கணும்? அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும், கண்ணு டெஸ்ட் உண்டு. அதுல தெரிஞ்சுரும்லா அவ சொல்லுதது சரியா நான் சொல்லுதது சரியான்னு. ஆனா வீடு... வீட்டுக்குள்ள போனா ஒரு சத்தம் இல்ல தம்பி. அவ இல்லாம எனக்கு ஆகல. அதை ஒத்துக்கிடுதேன்.

ஆமா, மெயின் ரோடு இல்ல இது. கண்டுபிடிச்சுட்டீயளே. பதறாதீங்க, மீட்டர நிறுத்திட்டேன். பத்தே நிமிஷம். இன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற. உங்களுக்கு நல்ல கண்ணு, சின்ன வயசு, டாக்டர் கை. நீங்க கிளையக் காட்டினா நான் கட்டிருவேன். நீங்க பையத் தொட வேண்டாம். தொட்டாத்தான் என்ன? ஸ்டேஷன்ல இருந்து இந்தத் துணிய வச்சுத்தானே கண்ணாடி தொடைச்சுக்கிட்டு வாரீய, உங்களுக்கு என்ன ஆயிட்டு? நான் அதெல்லாம் நம்புதவன் இல்ல. நம்பினா உங்க கையில குடுப்பேனா?

போன்ல டவர் போயிருக்குமே. இங்கன கெடைக்காது.

அந்தா, வந்தாச்சு. கேட்டு திறந்துதான் இருக்கா? பாத்துச் சொல்லுங்க. சரி, இறங்குங்க. சேறு, பாத்து. அஞ்சு மணிக்கே இருட்டக் கட்டுத ஊரு இது. ஒவ்வொரு பையா எடுத்து வைக்கேன். அந்தத் துணியையும் எடுத்துட்டு வாங்க, ஒண்ணு விடாமன்னு சொல்லியிருக்கால்லா. எனக்கு அதை விட மனசில்லதான், ஆனா அவ சொன்னது சொன்னது.

என்ன நின்னுட்டீய?

துணியில கறுப்பாவா? ஆமா, அழுக்கு. எத்தனையோ தரம் அலசிட்டேன், போகல. தாருன்னு நினைச்சேன்.

என்ன சொன்னீய?

மூணா? நல்லாப் பாருங்க. போன் லைட்டைப் போட்டுப் பாருங்க. புள்ளியா? கீழ கோடு இருக்கா? வளைஞ்சிருக்கா, நேரா இருக்கா?

இங்க குடுங்க. எனக்குச் சாம்பல் கலராத்தான் தெரியுது. என் விரலைப் பிடிச்சு அந்த இடத்துல வையுங்க.

...

மறுவீட்டு வேட்டி தம்பி இது. ஒரு சாண். கருகிட்டுன்னாளே, அந்த ஒரு சாண்.

மூணு நாளு தேடினா. பாயை விரிச்சு உக்காந்து, ஊராரு கந்தலையெல்லாம் மடியில போட்டு, மூணு நாளு தேடினா. இது எங்க இருந்துது? பத்தடி தூரத்துல, வாசல்ல நின்ன வண்டியில. அவ ஏற மாட்டேன்னு சொன்ன வண்டியில. நான் இதை வச்சு மூஞ்சியத் தொடைச்சுட்டு உள்ள போயி, கோட்டிக்காரின்னு அவளை ஏசியிருக்கேன். ஆறு மாசமா என் கண்ணு நோவை எடுத்து என் கண்ணுலயே தேச்சிருக்கேன். சண்டாளன் நானு. அவ எனக்காகச் சேத்துல சுத்திச் சுத்தி வந்திருக்கா, நான் மருந்தை வாஷ்பேசின்ல ஊத்தியிருக்கேன்.

டாக்டர்தானே நீங்க? ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லணும். ஒரு வருஷமா அந்தச் சொட்டு மருந்தை விடலன்னா, போனது திரும்புமா?

சரி. திரும்பாதுல்லா. புரிஞ்சுட்டு.

கையப் பிடிச்சுக்கிடுங்க தம்பி. மரம் எந்தப் பக்கம்? இன்னும் ரெண்டடியா? கல்லு இருந்தா சொல்லுங்க. ஆ... முள்ளு. இதுதான். என் விரலைக் கிளையில வையுங்க, நான் கட்டுதேன். இது நான்தான் கட்டணும். முடிச்சு விழுந்துட்டா? இறுகியிருக்கா? மக்கட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் மக்கட்டும். பையெல்லாம் இங்கனயே இருக்கட்டும், வெளிச்சத்துல அவளைக் கூட்டிக்கிட்டு வந்து மத்ததைக் கட்டுதேன்.

இந்தாங்க, சாவி. வாங்கிக்கிடுங்க, இனிமே நான் தொடல. நீங்க ஓட்டுங்க.

தெரியாதா? சுத்தமாத் தெரியாதா?

மார்ட்டின் வீட்டுல விளக்கு எரியுதா பாருங்க. இல்லையா? வேற ஏதாவது வெளிச்சம்? ம். நடந்தா பதினெட்டு கிலோமீட்டரு, மழையும் பிடிச்சுட்டு. சாவியை மேசையில வைக்கணும்னா முதல்ல வீடு போய்ச் சேரணும்லா. ஏறுங்க, வேற வழியில்ல. பெல்ட்டை இழுத்து மாட்டுங்க. கண்ணாடி தொடைக்க இப்ப துணியும் இல்ல, உங்க சட்டைக் கையால தொடைச்சுக்கிடுங்க. இடது பக்கம் சுவரு கிட்ட வந்தா உடனே சொல்லணும், என்ன? வலது பக்கம் எனக்குத் தெரியும். நேத்து வரைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது.